இன்னொரு பார்ட்டி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான், கட்டின வீட்டை விலைக்கு வாங்கிப் பார்த்ததில்லை. வாங்கியிருந்தால் அந்த இரண்டையும் விளையாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கியிருப்பான். எங்கள் வில்லியனூர், பாகூர் பக்கத்தில் வீடு வாங்கப் பணம் வேண்டும், வில்லங்கமில்லாத பத்திரம் வேண்டும். இரண்டும் இருந்தாலும் பேரம் நகராது, இன்னொரு பார்ட்டி வேண்டும். அந்த இன்னொரு பார்ட்டி நமக்கு முன்னாலேயே வந்து பார்த்திருப்பார், நம்மைவிட மேலே கேட்டிருப்பார், நாளைக் காலையில் அட்வான்ஸோடு வந்துவிடுவார். அவரைக் கண்ணால் கண்டவர் யாரும் கிடையாது. கடவுளும் அப்படித்தான், ஆனால் கடவுள் விலையை ஏற்றுவதில்லை.

மரியசுந்தரத்துக்கு இதெல்லாம் தெரியாது. மனிதர் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஷிப்டு சூப்பர்வைசர். பாக்கெட்டில் என்ன விலை அச்சடித்திருக்கிறதோ அந்த விலைக்குத்தான் பிஸ்கட் போகும். உலகமும் அப்படித்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர். மனைவி லூசி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வைத்தியலிங்கத்தின் வீட்டில் பல வருஷமாக வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வைத்தியலிங்கம் மோசமான ஆள் இல்லை, வாடகையை ஏற்றினாலும் சிரித்த முகத்தோடுதான் ஏற்றுவார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அதற்கு முன்னால் இருந்த வாடகை வீடுகளிலும் இதே சட்டம்தான். ஆகவே, லூசி கல்யாணத்தின்போது தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த இருதய ஆண்டவரின் பெரிய படம் இன்றுவரை ஒரு சுவரிலும் தொங்கியதில்லை. முதலில் டிரங்குப் பெட்டி மேல் இருந்தது, பிறகு தையல் மெஷின் மேல், இப்போது ஃபிரிட்ஜ் மேல். ஃபிரிட்ஜ் கதவை வேகமாகச் சாத்தினால் ஆண்டவர் ஒரு ஆட்டம் ஆடி நிற்பார். சொந்தமாக ஒரு சுவர், அதில் ஒரு ஆணி, ஆணியில் படம், மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துவிட்டு ஒரு வாய் காப்பி குடித்துப் போவது. லூசி வாழ்க்கையிடம் கேட்டது இவ்வளவுதான். நகை கேட்டிருந்தால் மரியசுந்தரம் எப்படியோ சமாளித்திருப்பார். அவள் சுவர் கேட்டுவிட்டாள்.

அந்தப் பொங்கலுக்கு வைத்தியலிங்கம் சிரித்த முகத்தோடு வந்து, வீட்டை விற்கப் போவதாகவும் சித்திரைக்குள் காலி பண்ணிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றும் சொன்னார். இனிமேல் இன்னொருத்தர் சுவருக்குக் காவல் இருக்க முடியாது என்று லூசி அன்று இரவே சொல்லிவிட்டாள். குருவிநத்தத்தில் அவள் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணம் பேங்கில் இருந்தது, மிச்சத்துக்குக் கடன் போட்டுக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு பண்ணினார்கள். வைத்தியலிங்கம் சொன்ன விலை அவர்களுக்கு எட்டாது, வெளியே சின்னதாக ஒன்று பார்க்க வேண்டும்.

அப்படித்தான் விஷ்ணு வந்து சேர்ந்தான். அவனைப் புரோக்கர் என்று சொல்லக் கூடாது. கழுத்தில் அடையாள அட்டை, மாசி வெயிலில் கறுப்புக் கோட்டு, அட்டையில் 'மனைவள ஆலோசகர்' என்று போட்டிருந்தது. கிருமாம்பாக்கத்தில் மெயின்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு வீட்டைக் காட்டினான். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் கொய்யா மரம். மரியசுந்தரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது லூசி கூடத்துச் சுவரைத் தேங்காயைத் தட்டுவது மாதிரி விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். "நல்ல சுவுருங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை விஷ்ணுவும் பார்த்துவிட்டான், அங்கேயே பேரம் கெட்டது.

வீட்டுச் சொந்தக்காரி சென்னையில் மகளோடு இருக்கிற ஒரு விதவை. அவரிடம் நேராகப் பேசலாமா என்று மரியசுந்தரம் கேட்டார். விற்கிற பார்ட்டியும் வாங்குகிற பார்ட்டியும் பத்திர ஆபீசில்தான் முகம் பார்க்க வேண்டும், அதற்கு முன் பேசினால் தங்கள் ஆலோசகர்கள் சங்கத்தின் முதல் விதியை மீறினதாகும் என்றான் விஷ்ணு. பழைய காலத்துக் கல்யாணம் மாதிரி இருக்கிறதே என்று மரியசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஒரு டாக்டர் பார்ட்டி வந்து பார்த்தாராம், கொஞ்சம் மேலே கேட்கிறாராம், உங்கள் முகத்துக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றான் விஷ்ணு. மரியசுந்தரம் வாயில் நுரையோடு விலையை ஏற்றினார். அடுத்த வாரம் பேங்க் மேனேஜர் பார்ட்டி, அதற்கும் ஏற்றினார். போட்டி பலமாக இருக்கிறது, டோக்கன் போட்டுவைத்தால் மனசுக்கு நிம்மதி என்றான், டோக்கனும் போட்டார். எந்தக் காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது என்று ரசீதில் இருந்ததை வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டபிறகுதான் படித்தார். டோக்கனுக்குப் பிறகாவது பார்ட்டிகள் ஓய்வார்கள் என்று பார்த்தால், அதற்கப்புறம்தான் பிரான்ஸ் பார்ட்டி வந்தார்.

பிரான்ஸ் பார்ட்டி என்றால் எங்கள் ஊரில் பணக்காரர்களே பேரத்தை விட்டு ஒதுங்கிவிடுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பண்ணிப் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்கள். யூரோவில் யோசித்து ரூபாயில் விலை சொல்கிறவர்கள். அவர்களுக்கு எதிரே பிஸ்கட் கம்பெனி சூப்பர்வைசர் எந்த மூலைக்கு? மரியசுந்தரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

லூசிதான் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, பிரான்ஸ்காரங்கள்லாம் ஜூலை லீவுக்குத்தான வருவாங்க? மாசி மாசத்துல இன்னா வேல? சரி, வந்தாரே, சாக்லேட் யாருக்காவது வந்துச்சா?"

நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் பிரான்சிலிருந்து ஒருத்தர் வந்து இறங்கினால் அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தெருவுக்குச் சாக்லேட்டும் நாலு பேருக்குச் செண்டுப் பாட்டிலும் வந்துவிடும். கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறபோது ஆளைப் பார்க்காமலே வாசனையில் சொல்லிவிடலாம். மரியசுந்தரம் அந்த ஞாயிறு கிருமாம்பாக்கத்துக்கே போய் டீக்கடையில் விசாரித்தார். சாக்லேட் கிடையாது, செண்டு கிடையாது. டாக்டரும் வரவில்லை, பேங்க் மேனேஜரும் வரவில்லை. வீட்டைப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான் வந்து போனாராம், கூட அழுத முகமாக ஒரு அம்மாவும் வந்ததாம்.

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள், இவன் வெண்ணெயே எடுத்திருக்கிறான் என்று கத்தினார். நேராக ஆலோசகர்கள் நலச் சங்கத்துக்குப் புகார் கொடுக்கக் கிளம்பினார்.

சங்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அன்று மாதாந்திரக் கூட்டம். புகார் என்றதும் யாரும் முகம் சுளிக்கவில்லை, முன்வரிசையில் உட்காரவைத்துக் குடிக்கக் கலர் கொடுத்தார்கள். முதலில் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு அந்த மாதம் முறிந்துபோன பேரங்களுக்காக மௌன அஞ்சலி. அடுத்தது விருது. யாருமே எட்டிப் பார்க்காத ஒரு வீட்டுக்கு ஒரே வாரத்தில் ஒன்பது பார்ட்டிகளைத் திரட்டிக் காட்டிய உறுப்பினருக்குப் 'போட்டித் திலகம்' என்ற பட்டமும் கேடயமும் கொடுத்தார்கள். கைத்தட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்தில் இருந்தவர் தட்டியதால் மரியசுந்தரமும் தட்டித் தொலைத்தார்.

கடைசியில் தலைவர் சாமிக்கண்ணு எழுந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. புகாரைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன். வூடு பாத்தீங்க, புடிச்சிருக்குன்னீங்க. இன்னொருத்தர் கேக்கறாருன்னு எங்க தம்பி சொன்னப்பறம் தூக்கம் போச்சா? போச்சு. அந்தத் தூக்கம் போச்சு பாருங்க, அதுக்குப் பேருதான் சார் மார்க்கெட் வேல்யூ. செங்கல்லும் சிமெண்டும் எல்லா வூட்லயும் இருக்குது. நாங்க வூட்ட விக்கல, பயத்த சப்ளை பண்றோம். இந்த ஊர்ல அரசாங்கங்கூடப் பண்ண முடியாத சேவ அது."

பலத்த கைத்தட்டல். அந்த பிரான்ஸ் பார்ட்டி யார், அவர் பெயர் என்ன என்பதையாவது சொல்லுங்கள் என்றார் மரியசுந்தரம். சாமிக்கண்ணு இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார்.

"பேரச் சொல்றது தப்பு சார். பார்ட்டியோட ரகசியத்தக் காப்பாத்தறது எங்க மொத கடம. அவுரு இருந்தாலும் காப்பாத்துவோம், இல்லன்னாலும் காப்பாத்துவோம்."

அதோடு விசாரணை முடிந்தது. மரியசுந்தரத்துக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, நாலு பேர் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சங்கத்தின் சேவையைப் பாராட்டி நேரில் வாழ்த்திய வாடிக்கையாளர் என்ற வாசகத்தோடு அது அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. கம்பெனியில் கைகொடுத்தார்கள். வைத்தியலிங்கம் பார்த்துவிட்டு, நல்ல சங்கமாகத் தெரிகிறதே என்று விஷ்ணுவின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பொன்னாடையைத் தையல் மெஷினுக்கு உறையாகப் போட்டாள் லூசி. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை அவளுடையது, ஆசை அவளுடையது, கஷ்டம் எல்லோருக்கும் வந்தது.

லூசியின் தம்பி ஆண்டனி கடலூரில் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். பார்க்கச் சிவப்பாக, தொப்பையோடு, வெளிநாட்டில் தின்று தேறின ஆள் மாதிரி இருப்பான். அவனை ஒரு பிரான்ஸ் பார்ட்டியாக விஷ்ணுவிடம் அனுப்புவது. இன்னொரு பிரான்ஸ் பார்ட்டி ஏற்கெனவே இருக்கிறாரா என்று கேட்கவைப்பது. இல்லை என்று விஷ்ணு வாயால் சொன்னால் போனில் பதிவு பண்ணிக்கொண்டு வருவது. தவக்காலத்தில் பொய் சொல்லலாமா என்று லூசிக்கே உறுத்தியது. புரோக்கர்கிட்ட சொல்றது பொய் கணக்குல வராதுக்கா என்றான் ஆண்டனி. அரைக்கால் சட்டை, கூலிங்கிளாஸ், கடலூரில் வாங்கிய ஒரு சாக்லேட் டப்பா. அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு, நன்றி என்கிற 'மெர்சி' ஒன்றுதான். அதைப் போதுமான அளவு எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தவன் முகம் சரியில்லை. போனில் பதிவு பண்ணினாயா என்று மரியசுந்தரம் கேட்டார். மறந்துவிட்டதாம். இன்னொரு பிரான்ஸ் பார்ட்டி இருக்கிறாரா என்றாவது கேட்டாயா? அதுவும் மறந்துவிட்டதாம்.

"பின்ன இன்னாடா பண்ண அங்க?"

"வெல கேட்டேன் மாமா."

"கேக்கச் சொல்லலியேடா."

"அவுங்க குடுத்த மரியாத உனுக்குத் தெரியாது மாமா. ஏசி போட்டு, எளநி வெட்டி, வாங்க முசியே, வாங்க தொரைன்னு கதவத் தொறந்து வுட்டாங்க. என்ன ஒருத்தரும் அப்படிக் கதவத் தொறந்து வுட்டதில்ல. அப்பறம் எப்டி கம்மியா கேக்க முடியும்? வாய் வரல."

அவன் சொல்லிவிட்டு வந்த விலை, மரியசுந்தரம் ஏற்றி ஏற்றிச் சொன்னதைவிட நாலு லட்சம் மேலே. மரியசுந்தரம் மச்சானைத் திட்டவில்லை. தண்ணீர் கேன் தூக்குகிறவனுக்கு ஒருநாள் கதவு திறந்துவிட்டிருக்கிறார்கள், அவன் என்ன பண்ணுவான்.

மறுநாள் காலை விஷ்ணுவிடமிருந்து போன். குரலே வேறாக இருந்தது. மாதா காட்சி கொடுத்ததைப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி நடுங்கிப் பேசினான்.

"சார், இந்த வாட்டி நெசமாவே பார்ட்டி வந்துருக்கார் சார். கண்ணால பாத்தேன். சாக்லேட்டு குடுத்தார் சார்."

எந்தப் பாவமும் அறியாமல் அந்த ஒரே வாக்கியத்தில் டாக்டரையும் பேங்க் மேனேஜரையும் பழைய பிரான்ஸ்காரரையும் மொத்தமாகக் கொன்று புதைத்துவிட்டான். அது அவன் காதிலேயே விழவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு இரவே சொல்லிவிட்டேன், அந்த அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டார்கள், இனி அந்த விலைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் தர மாட்டார்கள் என்றான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மச்சானுக்கு அரைக்கால் சட்டை வாங்கிக் கொடுத்து வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

மரியசுந்தரம் உண்மையைச் சொன்னார். அது பிரான்ஸ்காரர் இல்லை, என் மச்சான், கடலூரில் தண்ணீர் வண்டி ஓட்டுகிறான் என்றார். தோற்கிற பார்ட்டி எல்லோரும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று விஷ்ணு ஆறுதல் சொன்னான். கடைசியில் ஆண்டனியைக் காக்கிச் சட்டையோடு இழுத்துக்கொண்டு மறுபடி ஹார்டுவேர் கடை மாடிக்கு ஏற வேண்டியதாயிற்று.

இந்த முறை கலர் கொடுக்கவில்லை. சங்கத்தின் ஒழுங்குக் குழு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. ஆண்டனியை மெர்சி சொல்லச் சொன்னார் சாமிக்கண்ணு, சொன்னான். கூலிங்கிளாசைப் போடச் சொன்னார், போட்டான். இவர்தான், இவரேதான் என்று விஷ்ணு உடைந்த குரலில் அடையாளம் காட்டினான். அவன் அழுதேவிட்டான். இத்தனை வருஷத் தொழிலில் அவனுக்குக் கிடைத்த முதல் நிஜமான எதிர்ப் பார்ட்டி பொய்யாகப் போனதை அவனால் தாங்க முடியவில்லை. இரண்டு உறுப்பினர்கள் அவனைத் தோளைத் தட்டி வெளியே கூட்டிப் போனார்கள்.

சாமிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லாத பார்ட்டியை நீங்கள் உருவாக்கினால் அது சேவை, நான் உருவாக்கினால் குற்றமா என்று மரியசுந்தரம் கேட்டார்.

"ஆமா சார். அதுக்குத்தான சந்தா கட்டி உறுப்பினர் ஆவறோம்? ஆள் ஆளுக்குப் பார்ட்டிய உருவாக்க ஆரம்பிச்சா ஜனங்க எத நம்புவாங்க? தொழில்ல ஒரு நேர்மை வேணும் சார்."

டோக்கன் பறிமுதல். சங்க எல்லைக்குள் எந்த உறுப்பினரும் மரியசுந்தரத்துக்கு வீடு காட்டக் கூடாது. தீர்ப்பை வாசித்தபிறகு வழக்கம்போல எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள், அது அவருடைய பேரத்துக்கு. சென்னை அம்மாவிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் ஜூலை லீவுக்குப் பிரான்ஸ்காரர் வருவார் என்று வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். கொய்யாப் பழத்தை அணில் தின்றுகொண்டிருக்கிறது.

பங்குனி கடைசியில் ஒரு காலை, அவர்கள் குடியிருந்த வைத்தியலிங்கத்தின் வீட்டு வாசலில் விஷ்ணு வந்து நின்றான். கூட வைத்தியலிங்கமும் ஒரு இளம் தம்பதியும். பெண்ணின் பெயர் அனுப்பிரியா, ஏதோ ஆபீசில் கணக்கு வேலை என்றாள். விஷ்ணு மரியசுந்தரத்தைப் பார்த்துப் பழைய பகை எதுவும் இல்லாமல் வணக்கம் வைத்தான். லூசி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் வைத்தபடி எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் அறை அறையாகப் பார்த்தார்கள். கூடத்துச் சுவரின் முன் அனுப்பிரியா நின்று, ஒரு ஆணிகூட அடிக்காமல் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று கணவனிடம் சொன்னாள். அதைக் கேட்டு வைத்தியலிங்கம் அங்கேயே விலையில் ஐம்பதாயிரம் ஏற்றினார், சிரித்த முகத்தோடுதான்.

பின்கட்டில் மரியசுந்தரம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அனுப்பிரியா தனியாக வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. குடியிருக்கறவுங்களே இந்த வூட்ட வாங்கத் துடிக்கறாங்க, பணத்தோட நிக்கறாங்கன்னு விஷ்ணு சொல்றாரு. நெசமா சார்?"

மரியசுந்தரம் குழாயை மூடினார். அவள் முகத்தில் இருந்த அந்தத் தூக்கமில்லாத சந்தேகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும், ஒரு மாதம் அவர் முகத்திலேயே இருந்தது. பாவம் என்று இருந்தது. தனக்குச் சொல்ல ஆள் கிடைக்காத ஒரு உண்மையை இந்தப் பெண்ணுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"இல்லம்மா. எனுக்கு வாங்கற வக்கு இல்ல. இன்னொரு பார்ட்டின்னு யாருமே இல்ல. ஒரு பைசா ஏத்தாத."

அனுப்பிரியா எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்தாள்.

"நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு சொன்னாரு சார்."

அவள் உள்ளே போனாள். அவசர அவசரமாகக் கணவன் காதில் ஏதோ சொன்னாள். அங்கேயே ஒரு லட்சம் ஏற்றிக் கேட்டு, அங்கேயே டோக்கன் போட்டார்கள். விஷ்ணு ரசீதை எழுதிக் கிழித்துக் கொடுத்தான். எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்தார்கள். வைத்தியலிங்கம் மரியசுந்தரத்துக்கும் கைகொடுத்து, சித்திரை பிறப்பதற்குள் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று ஞாபகப்படுத்தினார்.

அவர்கள் போனபிறகு லூசி மெஷினுக்கு அடியிலிருந்து சுத்தியலையும் ஒரு மூன்றங்குல ஆணியையும் எடுத்தாள். ஃபிரிட்ஜ் மேலிருந்து படத்தை இறக்கித் துடைத்தாள். மரியசுந்தரம் தடுக்கவில்லை, நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அது ஆடாமல் பிடித்துக்கொண்டார். கூடத்துச் சுவரின் நட்டநடுவே ஆணியை வைத்து, இத்தனை வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்து ஓங்கி ஒன்று போட்டாள்.

ஆணி முழுக்க உள்ளே போய்விட்டது. சுவரிலிருந்து மணல் கொட்டியது. பெயிண்டுக்குப் பின்னால் சிமெண்டே இல்லை, புற்று மண் மாதிரிப் பொலபொலவென்று உதிர்ந்து தரையில் குவிந்தது. லூசி இன்னும் ஒரு ஆணியைக் கொஞ்சம் தள்ளி அடித்துப் பார்த்தாள். அதுவும் உள்ளே போய்க் காணாமல் போனது.

"இதுக்குத்தான் அடிக்கக் கூடாதுன்னாரா" என்றாள்.

மரியசுந்தரம் விளக்குமாற்றை எடுத்து மணலைக் கூட்டினார். லூசி நாற்காலியை விட்டு இறங்கி, படத்தை மறுபடியும் ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்தாள். அது விழாமல் இருக்க முன்னால் ஆண்டனி திருப்பிக் கொண்டுவந்திருந்த காலிச் சாக்லேட் டப்பாவை முட்டுக் கொடுத்தாள்.